கடலில் போனவனுக்கு ஃபித்ரா

முகுதூம் நெய்னா அளந்து போட்ட தானியத்தை இன்னொரு தடவை அளந்து பார்க்கிறவன் தூத்துக்குடியில் கிடையாது. அப்படிப் பார்க்க நினைத்தால் பக்கத்தில் நிற்கிறவனே கேலி செய்து துரத்திவிடுவான். பொதுவாக அளவுகாரன் என்றால் ஊருக்கு ஒரு சந்தேகம் உண்டு. தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். நெய்னா நக்கவில்லை. இருபத்தெட்டாம் வருஷத்து முத்துச் சலாபத்தில், குளியாட்கள் கடலில் மூழ்கி எடுத்துக் கொண்டுவந்து கொட்டிய சிப்பியைச் சர்க்காருக்கு எண்ணிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். எண்ணுகிறவன் மடியில் ரெண்டு சிப்பி போவதை அப்போது யாரும் குற்றமாகவே நினைப்பதில்லை. இவர் சாயங்காலம் கொட்டகையை விட்டு வெளியே வரும்போது, யாரும் கேட்காமலே வேட்டி மடியை உதறிக் காட்டிவிட்டு வருவார். அதனாலேயே கூட வேலை பார்த்தவர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

சலாபம் நின்ற பிறகு சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் அரிசி மண்டியில் அளவுக்கு நின்றார். யுத்தம் வந்து அரிசிக்குக் கட்டுப்பாடு வந்ததும் அந்த மண்டியே ரேஷன் கடை ஆயிற்று. படியைப் பிடித்த கை மாறவில்லை. காலையிலிருந்து மாலை வரை ஊர்ச் சனத்துக்கெல்லாம் அளந்து போட்டுவிட்டு, தன் கார்டை நீட்டி வரிசையில் நின்று தன் பங்கை வாங்கிக்கொண்டு போகிற மனுஷன். அண்ணாச்சியே ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"ஏன்வே நெய்னா, ஒம்ம கையில படி இருக்கு, எதுக்க சாக்கு இருக்கு. நீரு போயி வரிசையில நிக்கீரே, ஒமக்கே சிரிப்பா இல்ல?"

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார் நெய்னா.

ரமலான் மாதம் வந்தால் அவருக்கு மதிப்பு இன்னும் கூடிவிடும். நோன்பு முடிந்து பிறை தெரியும்போது, வீட்டில் உயிரோடு இருக்கிற ஒவ்வொரு தலைக்கும் ஓர் அளவு தானியம் ஏழைக்குக் கொடுத்தாக வேண்டும். அன்று காலையில் பிறந்த குழந்தைக்கும் உண்டு. ஃபித்ரா என்று அதற்குப் பெயர். இந்தக் கரையில் அதைக் காசாகக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஊர் எதைச் சாப்பிடுகிறதோ அதையே அளந்து கொடுக்க வேண்டும். நபி காலத்து அளவு நம் ஊர்ப் படியில் எவ்வளவு என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவார்கள். நெய்னாவின் கணக்கு தலைக்கு ஒன்றேமுக்கால் படி. கொஞ்சம் கூடினாலும் கூடட்டும், குறைந்து மட்டும் போகக் கூடாது என்பார். தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான் அளந்து கொடுப்பார். எந்த வீட்டில் எத்தனை தலை என்பதைப் பள்ளிவாசல் ஆலிம்சா ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்.

அவர் வீட்டுக்கு அந்த நோட்டில் நாலு தலை. நெய்னா, மருமகள் ருக்கியா, பேத்தி ஜொகரா, மகன் சேகனா. நெய்னாவின் மனைவி காலராவில் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

அந்த நாலாவது தலையில்தான் வில்லங்கம். சேகனா நாற்பத்திரண்டாம் வருஷம் பங்குனியில் வெங்காயமும் வத்தலும் ஏற்றிய தோணியில் கொழும்புக்குப் போனவன். அவன் போன வாரம்தான் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். தோணி போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. அதில் போன ஏழு பேரில் ஒருவரைப் பற்றியும் ஒரு தகவல் இல்லை. மன்னார்ப் பக்கம் ஒரு பாய்மரத் துண்டு ஒதுங்கியதாகச் சொன்னார்கள். "அதுல தோணி பேரா எழுதியிருந்திச்சு?" என்று நெய்னா கேட்டார். மற்ற ஆறு வீட்டிலும் ஒரு வருஷத்துக்குள் அழுது தீர்த்துவிட்டார்கள். ஒரு வீட்டுக்காரி தாலியைக் கழற்றிவிட்டாள். வேதமணி என்ற கிறிஸ்தவப் பையனுக்குக் கோயிலில் பூசை வைத்தார்கள். இவர் மட்டும் அந்த வருஷப் பெருநாளுக்கு மகனுக்கும் சேர்த்து ஃபித்ரா அளந்தார். அடுத்த வருஷமும் அளந்தார். அவனுக்கு அளந்து முடித்துப் படியின் தலையைத் தட்டும்போது அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். பார்க்கிறவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஆனால் மனுஷன் எவ்வளவு நேர்மை என்றால், ரேஷன் கார்டுக்கு ஆள் எண்ண வந்த குமாஸ்தா "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டபோது மூணு என்றுதான் சொன்னார். சேகனா இப்போது இங்கே சாப்பிடவில்லை, சாப்பிடாதவன் பேரில் அரிசி வாங்குவது ஹராம். ஆகவே சர்க்காருக்கு மூணு தலை, அல்லாஹ்வுக்கு நாலு தலை. மூணு தலைக்கு வருகிற அரிசியில்தான் நாலு தலைக்கு ஃபித்ரா. இந்தக் கணக்கு இடிக்கிறதே என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. அளவுகாரருக்குச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம் நோன்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது ருக்கியாவின் அண்ணன் கலந்தர் வேம்பாரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். உப்பளத்தில் வேலை பார்க்கிறவன், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"மாமா, தங்கச்சிக்கு இருபத்திமூணு வயசு ஆவுது. அங்கன உப்பளக் கணக்கப்பிள்ளை ஒருத்தரு, பொஞ்சாதி மவுத்தாயிட்டா, புள்ளை குட்டி கெடையாது. ருக்கியாவைக் கேக்காரு. ஜொகராவையும் கூட்டிட்டு வரட்டும்னு சொல்லுதாரு. நாலு வருசமா புருசன் தகவல் இல்லன்னா கோர்ட்டுல தீர்த்துக் குடுப்பாங்களாம், இப்ப சட்டமே இருக்குதாம். ஜமாஅத்துல ஒரு காயிதம் வேணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்ன வார்த்தை?"

கலந்தர் தலையைக் குனிந்துகொண்டான். "சேகனா மச்சான் இல்லன்னு."

நெய்னா எழுந்து கொல்லைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். "சாப்பிட்டுட்டுப் போ" என்றார். 

ருக்கியா அடுப்படியில் பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். கருப்பட்டி வியாபாரிகளுக்கு முடைந்து கொடுத்து அவள் சம்பாதிக்கிற சில்லறையில்தான் வீட்டுக்கு எண்ணெயும் மிளகாயும். அவளிடம் யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பேச்சு அவள் அறியாமல் வந்ததும் இல்லை. சேகனாவை நினைத்து ரெண்டு வருஷம் அவள் அழுதிருக்கிறாள். இப்போது அவன் முகத்தை நினைத்துப் பார்த்தால் தெளிவாக வருவதில்லை. அது அவளுக்குப் பயமாக இருந்தது. புருஷன் உள்ளவளா, இல்லாதவளா என்று தெரியாமல் ஒரு பெண் எத்தனை வருஷம் ஓலை கிழித்துக்கொண்டிருப்பாள்?

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஆலிம்சா நெய்னாவைப் பிடித்து உட்கார வைத்தார். வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர், அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவிக்கப்படாது. பருவம் வந்த ஆம்பளைப் புள்ளைக்கு ஃபித்ரா அவன் மேலதான் கடமை. வாப்பா மேல இல்ல. அவன் சொல்லாம நீங்க குடுத்தா அது தருமத்துல சேரும், ஃபித்ராவாகாது. இன்னொண்ணு, பெருநாள் அன்னிக்கு வீட்டுல உள்ளவுங்க வயித்துக்கு மிஞ்சி இருந்தாத்தான் யாருக்குமே கடமை. தனக்கு மிஞ்சித்தான் தருமம்னு சும்மாவா சொன்னாவ?"

நெய்னா பாயில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு என்ன கஷ்டம்னா காக்கா, நோட்டுல ஒங்க வீட்டுக்கு நாலு தலைன்னு எழுதியிருக்கு. சேகனா போயிட்டான்னு ஜமாஅத்து நம்புதுன்னு நான் எப்படிக் காயிதம் எழுதட்டும்? பெத்த வாப்பாவே அவன் உசிரோட இருக்கான்னு வருசா வருசம் அளந்து போடுதாரே."

"அப்போ எழுதாதீங்க" என்றார் நெய்னா.

பிடித்த முயலுக்கு மூணே கால். கலந்தர் வெறுங்கையோடு வேம்பாருக்குத் திரும்பினான். நோன்பு பிறந்தது.

அந்த வருஷம்போல் ஒரு பஞ்சத்தை ஊர் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். ரேஷனில் அரிசியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். குறைத்ததற்குப் பதிலாக மக்காச்சோளம் போட்டார்கள். எந்தத் தேசத்துக் கப்பலில் எத்தனை நாள் கிடந்ததோ, சாக்கை அவிழ்த்தால் மக்கிய வாடை அடிக்கும். அதை இடித்துக் களி கிண்டித்தான் பாதி ஊர் நோன்பு திறந்தது. நெய்னா வீட்டிலும் களிதான். வாரத்துக்கு வருகிற கொஞ்சம் அரிசியில் உலை வைக்கும்போதெல்லாம் அவர் ஒரு பங்கை எடுத்து ஒரு மண்பானையில் போட்டு மூடி வைத்தார். தெருவில் நிறையப் பேர் ஊர் இப்போது தின்பது சோளம்தானே, அதையே அளந்துவிடலாம் என்றார்கள். ஆலிம்சாவும் சரி என்றுவிட்டார். இவர் ஒப்பவில்லை. சேகனாவுக்குச் சோளம் பிடிக்காது என்று அவர் சொன்னதை ருக்கியா தன் காதாலே கேட்டாள்.

ஜொகராவுக்கு ஐந்து வயது. வாப்பா கடலுக்குப் போகும்போது ஆறு மாதக் கைக்குழந்தை. தாத்தாவை அந்த வீடுகளில் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நெய்னா ரேஷன் கடையிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே "அப்பா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். அந்தப் பிள்ளை மேல் அவருக்கு உயிர். இதைச் சொல்லாமல் விட்டால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள்.

பத்தொன்பதாம் நோன்பன்று பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் கண் குழி விழுந்துவிட்டது. ருக்கியா தூக்கிக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கம்பவுண்டர் ஒரு சீசாவில் மருந்து ஊற்றிக் கொடுத்தார். "சோளம் கீளம் காட்டாத. அரிசிக் கஞ்சித் தண்ணியா விட்டு விட்டுக் குடு" என்றார்.

வீட்டில் பானைக்கு வெளியே ஒரு மணி அரிசி கிடையாது. அடுத்த ரேஷனுக்கு மூன்று நாள் இருந்தது. ருக்கியா பானையின் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமா, இதுல ரெண்டு பிடி எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டாள். கேட்காமல் எடுத்திருக்கலாம். பின்னால் அதை நினைத்து அவள் தன்னையே அடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அளந்த அரிசியைக் கேட்காமல் யாரும் தொட்டதில்லை, அந்தப் பழக்கம்.

"அது அல்லாவுக்குன்னு நிய்யத்து வச்ச அரிசி, அடுத்தவன் அமானிதம். அதுல கை வைக்கப்படாது" என்றார் நெய்னா. "நா போயி வாங்கிட்டு வாரேன். ஒரு நிமிசத்துல வந்துருவேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருவில் எட்டு வீட்டில் கேட்டார். எட்டு வீட்டிலும் சோளம்தான். சங்கரபாண்டியன் அண்ணாச்சி திருச்செந்தூருக்குப் போயிருந்தார். அவர் வந்து, விஷயத்தைக் கேட்டு, "அடப் பாவி மனுசா, இதைக் கேக்கவா மத்தியானத்துலருந்து காத்துக் கெடந்தீரு? சாக்குலருந்து அள்ளிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று திட்டி, தன் வீட்டு அரிசியிலிருந்து ஒரு படி அளந்து கொடுக்கும்போது விளக்கு வைக்கிற நேரம். ருக்கியா கஞ்சி வைத்துப் புகட்டினாள். உள்ளே போனது நிற்கவில்லை. அதற்கப்புறம் நாலு நாள் பிள்ளை கிடந்தது. இருபத்திமூன்றாம் நோன்பன்று மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும்போது அடங்கிவிட்டது.

அந்த ஐந்தாறு மணி நேரம் முந்திக் கஞ்சி கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதம் தெருவில் கஞ்சி குடித்த பிள்ளைகளும் போயிருக்கின்றன. ஆலிம்சா அப்படித்தான் சொல்லித் தேற்றினார். நெய்னா பிள்ளையைத் தன் கையாலேயே குழிக்குள் இறக்கினார். கபன் துணியில் அது கால்படி அரிசிகூட இல்லாத கனம் கனத்தது என்று பிறகு ஒரே ஒரு தடவை யாரிடமோ சொன்னாராம்.

கலந்தர் சாவுக்கு வந்தவன் பெருநாள் கழித்துப் போகலாம் என்று தங்கிவிட்டான். நெய்னா ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. படியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவருக்கு வேறு நினைப்பு வராது.

இருபத்தொன்பதாம் நோன்பு. கடற்கரைக்குப் போயிருந்தவர்கள் பிறை தெரிந்துவிட்டது என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். மஃரிபு தொழுதுவிட்டு நெய்னா வீட்டுக்கு வந்து ஓலைப்பாயை விரித்தார். பானையைச் சாய்த்து அரிசியைக் கொட்டினார். ருக்கியா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கலந்தர் வாசலில் நின்றான்.

நெய்னா தனக்கு அளந்தார். தலை தட்டி ஒரு பக்கம் குவித்தார். "ருக்கியாவுக்கு" என்று சொல்லி அளந்து அடுத்த குவியல் போட்டார். பிறகு மூன்றாவதாக ஒரு குவியல் அளந்தார். மிச்ச அரிசியைப் பானைக்குள் தள்ளப்போனார்.

"அந்த மூணாவது யாருக்கு மாமா?"

ஆறு நாளாக அவள் வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தை அது. நெய்னா நிமிர்ந்து பார்த்தார்.

"சேகனாவுக்கு. ஒனக்குத் தெரியாதா?"

"ஜொகராவுக்கு?"

விலை கேட்டவனுக்கு விலை சொல்லுகிற மாதிரி, அளவுகாரருக்குப் பதில் தன்னால் வந்தது. "மவுத்தானவுங்களுக்கு ஃபித்ரா கெடையாதும்மா. கடைசி நோம்பன்னிக்குச் சூரியன் அடையும்போது உசிரோட இருக்கணும். புள்ள போயி ஆறு நாள் ஆவுதே."

"அப்போ அவுகளுக்கு எப்படி அளக்கீங்க?"

நெய்னா குனிந்து மூணாவது குவியலைப் பார்த்தார். கையில் படி இருந்தது.

"ஜொகராவைக் குழியில இறக்குன கை ஒங்க கை" என்றாள் ருக்கியா. அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "அதனால அவ இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுது. பட்டுன்னு கணக்குலருந்து எடுத்துட்டீங்க. அவுகளை யாரும் குழியில இறக்கல. அதனால நாலு வருசமா அவுகளுக்கு அரிசி இருக்கு, எனக்கு வீடு இல்ல, என் புள்ளைக்குக் கஞ்சி இல்ல. அவ உசிரோடதானே மாமா கெடந்தா. இந்தப் பானைப் பக்கத்துல நின்னு கேட்டேனே."

கலந்தர் "ஏளா, சும்மா இரி" என்று உள்ளே ஒரு எட்டு வைத்தான். நெய்னா கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

 தெருவில் பிள்ளைகள் தக்பீர் சொல்லிக்கொண்டு போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். பிறகு அந்த மூன்றாவது குவியலை அவர் அள்ள ஆரம்பித்தார். படியால் அள்ளவில்லை, வெறுங்கையால் அள்ளினார். பாயின் ஓலை இடுக்கில் சிக்கிய மணியைக்கூட நகத்தால் கிண்டி எடுத்துப் பானையில் போட்டார். பானையைத் தூக்கிக்கொண்டு போய் ருக்கியாவின் முன்னால் வைத்தார்.

"கஞ்சி வையிம்மா" என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டாள் அவள்.

அப்போதுதான் அந்த மனுஷன் உடைந்தார். நாலு வருஷமாக மகனுக்கு அழாத அழுகை, ஆறு நாளாகப் பேத்திக்கு அழாத அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து என்ன ஏது என்று கேட்டார்கள். கலந்தர்தான் அவர்களுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினான்.

பெருநாள் காலையில், தொழுகைக்கு முன்னால் ஆலிம்சா நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரிசி கொண்டுவருகிறவர்கள் வரிசையாக வீட்டுத் தலையைச் சொல்லிக்கொண்டு போனார்கள். நெய்னாவின் முறை வந்தது. ஆலிம்சா அவர் முகத்தைப் பார்க்காமலே, பிள்ளையைக் கழித்து மூணு என்று எழுதப் போனார்.

"ரெண்டு" என்றார் நெய்னா.

ஆலிம்சா பென்சிலை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். 

"நானும் என் மருமவளும். ரெண்டு தலை. சேகனா மவுத்தாயிட்டான். நாற்பத்திரெண்டுலயே மவுத்தாயிட்டான். காயிதத்துல அப்படியே எழுதிக் கலந்தர்கிட்ட குடுத்துருங்க."

பெருநாள் தொழுகை முடிந்ததும், ஊரில் உடல் இல்லாதவர்களுக்குத் தொழுகிற ஜனாஸா தொழுகையைச் சேகனாவுக்கு வைத்தார்கள். புதுச் சட்டையும் அத்தருமாக வந்த அத்தனை பேரும் திரும்ப வரிசையில் நின்றார்கள். கட்டித் தழுவி முபாரக் சொல்ல வேண்டிய நேரத்தில் எல்லோரும் நெய்னாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

ருக்கியா அந்த வீட்டிலேயே நாலு மாதமும் பத்து நாளும், புருஷனை இழந்தவளுக்குரிய இத்தா இருந்தாள். மாமனாரும் மருமகளும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ரேஷன் அரிசி வருகிற நாளில் நெய்னா முழுவதையும் அவள் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, தனக்குச் சோளக் களி போதும் என்பார். அவள் அதைக் கேட்கமாட்டாள், ரெண்டு தட்டிலும் சமமாகப் போடுவாள். கோர்ட்டிலும் தீர்ந்தது. தை பிறந்த பிறகு கலந்தர் வண்டி கொண்டுவந்தான். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவள் மாமனாரிடம் வந்து, "பொறுத்துக்கிடுங்க மாமா" என்றாள். "நீதாம்மா பொறுக்கணும்" என்றார் அவர். பொறுத்தேன் என்று அவள் சொல்லவில்லை. பொய் சொல்ல அவளுக்கு வராது.

நாற்பத்தேழில் பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால் சுதந்திரம் வந்தது. கடற்கரைச் சாலை முழுவதும் கொடி கட்டியிருந்தார்கள். ரேஷன் கடையில் ஆளுக்கு ஒரு கை சர்க்கரை அதிகமாகப் போட்டார்கள், நெய்னாதான் அளந்தார். பிறை தெரிந்த அன்று வீட்டுக்கு வந்து பாயை விரித்தார். ருக்கியாவுக்கு வேம்பாரில் அவள் புருஷன், அந்தக் கணக்கப்பிள்ளை அளந்திருப்பார். இவர் தன் ஒரு தலைக்கு அளந்தார். அதை முடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.